சிட்டுக்குருவிக்கு மொட்டை போட்ட வரலாறு

உலகத்தின் முதல் அறிவியல் சர்ச்சை மதுரையில்தான் நடந்தது. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, இல்லை பூவும் எண்ணெயும் கொடுக்கிற மணம்தானா என்பது ஆய்வுக் கேள்வி. எழுதியவர் சொக்கநாதர், பெயர் போட்டுக்கொண்டவர் தருமி, பரிசுத்தொகை ஆயிரம் பொன். அடுத்தவர் எழுதிய கட்டுரைக்குத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளும் ஆராய்ச்சி மரபுக்கும் நாமே முன்னோடி என்பது இதிலிருந்து தெரியவரும். திருத்த உட்கார்ந்த நக்கீரர் குற்றம் கண்டுபிடித்தார். எழுதியவர் நெற்றிக்கண்ணைத் திறந்தார். திருத்தியவர் பொற்றாமரைக் குளத்தில் போய் விழுந்தார். அதற்குப் பிறகு எந்த ஆய்விதழிலும் ஒரு மறுப்புக்கு இவ்வளவு சூடான பதில் வந்ததில்லை.

அத்தனை புலவர்கள் கூடியிருந்த சபையில் ஒருத்தராவது வெளியே எட்டிப் பார்த்து, "ஏனய்யா, இத்தனை மாசம் வாயே திறக்காமல் கிடந்த குருவி இப்போது ஏன் தொண்டை கிழியக் கத்துகிறது?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விடை கைவசம் இருந்தது. இளவேனில் வந்தது, காதல் வந்தது, பாட்டு வந்தது. அதற்கு மேல் குருவியின் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று குடைவது புலவர் குலத்துக்கு அழகல்ல.

இதில் பெரிய கூத்து, அவர்கள் பொன்னாடை போர்த்தியது குயிலுக்கு. உயிரியல்காரர்களின் பாட்டுப் பறவைப் பட்டியலில் குயில் கிடையாது. அந்தப் பட்டியலில் இருப்பவை, அப்பனிடமோ அக்கம்பக்கத்திலோ கேட்டுப் பாட்டைக் கற்றுக்கொள்ளும் ஒரு வம்சம். அந்த வேலைக்கென்றே மூளையில் தனிப் பகுதிகள் வைத்திருப்பவை. குயிலோ காக்கைக் கூட்டில் பொரிந்து, காக்கை ஊட்டிய சோற்றில் வளர்ந்து, ஒரு 'கா' கூடக் கற்றுக்கொள்ளாமல், பிறக்கும்போதே கொண்டுவந்த கூவலைக் கூவிவிட்டுப் போகிறது. பட்டியலில் முறைப்படி இடம்பிடித்திருப்பது காக்கை! தூக்கணாங்குருவி, மைனா, தேன்சிட்டு, கரிச்சான் எல்லாம் அதற்குப் பங்காளிகள். கிளி கற்றுக்கொள்ளும்தான். மீனாட்சி கோயில் கிளிக்கூண்டு மண்டபத்தில் ஒரு காலத்தில் கிளிகளுக்கு அம்மன் பெயரைச் சொல்லப் பழக்கியிருந்தார்கள். ஆனாலும் அது வேறு வம்சம், மூளைக்குள் வயரிங்கும் வேறு. ஆக, குயிலும் தள்ளுபடி, அம்மன் கைக்கிளியும் தள்ளுபடி. மிச்சம் இருக்கும் காக்கையை வைத்துக்கொண்டு காதல் கவிதை எழுத எந்தப் புலவரும் முன்வர மாட்டார்.

விஷயம் முதலில் தெரிந்திருந்தது பறவை வளர்த்தவர்களுக்கும் பறவை பிடித்தவர்களுக்கும்தான். ஜப்பானில் கூண்டுப் பறவை வைத்திருந்த ரசிகர்கள், குளிர்காலத்தில் பொழுது சாய்ந்த பிறகு கூண்டுக்குப் பக்கத்தில் சில மணி நேரம் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தார்கள். பறவை ஏமாந்துபோய், வசந்தம் வந்துவிட்டதென்று ஜனவரியிலேயே கச்சேரியைத் தொடங்கியது. ஹாலந்தில் இதைவிடக் கொடுமை. அங்கே வேடர்கள் பிஞ்ச் குருவிகளைக் கோடை முழுக்க இருட்டறையில் அடைத்து, இலையுதிர்காலத்தில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஊரே பாட்டை நிறுத்திய காலத்தில் அது மட்டும் பாடும். 'யாருடா அது, இந்த நேரத்தில்?' என்று பார்க்க வந்த சொந்தக்காரப் பறவைகள் வலையில் விழும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தால் பாட்டைத் திறக்கலாம், மூடலாம் என்பது இவர்களுக்கு அத்துப்படி. காரணத்தைக் கேட்டு யாரும் பணம் தரவில்லை, அதனால் யாரும் யோசிக்கவும் இல்லை.

காரணம் கேட்டவர் கனடாவில் எட்மண்டன் நகரத்து வில்லியம் ரோவன். ஜங்கோ என்றொரு சின்னக் குருவி இலையுதிர்காலத்தில் தெற்கே பறக்கும்போது பிடித்து, தோட்டத்தில் கூண்டு கட்டி அடைத்தார். ஒரு கூண்டுக்கு மின்விளக்கு. தினமும் பொழுது சாய்ந்தபின் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதல் வெளிச்சம். இன்னொரு கூண்டுக்கு ஒன்றுமில்லை. வெளியே குளிர் மைனஸ் 40-க்கும் கீழே. நடுக் குளிர்காலத்தில் திறந்து பார்த்தால், விளக்கு வைத்த குருவிகளின் விரைகள் வசந்தகாலத்து அளவுக்கு வீங்கியிருந்தன. அதுவரை 'கதகதப்பு வந்தால் பறவைக்கு ஆசை வரும்' என்று சொல்லிக்கொண்டிருந்த பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். 1925-இல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ரோவனுக்கு ஒரு சந்தேகம்: வேலை செய்வது வெளிச்சமா, இல்லை வெளிச்சத்தால் கெட்டுப்போகும் தூக்கமா? குருவிகளைத் தூங்கவிடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும் ஒரு கம்பிப் பொறியைச் செய்து கூண்டில் பூட்டினார். விழித்திருப்பதுதான் காரணம் என்ற முடிவுக்கும் வந்துவிட்டார். தப்பான முடிவு. தூக்கம் கெட்டாலே வசந்தம் வரும் என்றால் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் வருஷம் பூராவும் சித்திரை மாசம்தான். 1931-இல் இன்னும் ஒரு படி மேலே போய், விளக்கு வெளிச்சத்தில் வளர்த்த சில நூறு காகங்களுக்கு வாலில் மஞ்சள் சாயம் பூசிப் பறக்கவிட்டார். எந்தத் திசையில் போகின்றன என்று பார்க்க வேண்டும். ஊர் ஜனங்கள் சுட்டுத் தகவல் சொல்ல வேண்டும். மஞ்சள் வால் காக்கை கூரையில் வந்து உட்கார்ந்தால் நம்மூரில் சுட மாட்டார்கள். எந்தத் தாத்தா வந்திருக்கிறார் என்று கேட்டு சோறு வைப்பார்கள்.

அடுத்த கேள்வி, வெளிச்சம் எந்த வழியாக உள்ளே போகிறது? கண் வழியாக என்று பால்வாடிக் குழந்தையும் சொல்லும். அதே 1930-களில் பிரான்சில் ஜாக் பெனுவா வாத்துகளின் கண்ணை அகற்றிவிட்டுப் பார்த்தார். கண்ணில்லாத வாத்துக்கும் வெளிச்சம் கூடினால் விரை வளர்ந்தது. தலைக்குக் கறுப்புக் குல்லா மாட்டினார், வளர்ச்சி நின்றது. அதுவும் போதாமல் குவார்ட்ஸ் கம்பி வழியாக மூளையின் அடித்தளத்தில், ஹைப்போதலாமஸில், நேராக வெளிச்சம் பாய்ச்சினார். அதற்கும் வேலை நடந்தது. பறவையின் மண்டை ஓடு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது, மூளையே அதைப் பார்த்துக்கொள்கிறது. நெற்றிக்கண் விவகாரத்தில் சொக்கநாதரை நாம் கொஞ்சம் அவசரப்பட்டுத்தான் கேலி செய்துவிட்டோம்.

1960-களின் கடைசியில் அமெரிக்காவில் மைக்கேல் மெனக்கர், பார்வையிழந்த சிட்டுக்குருவிகளுக்குத் தலையில் இறகைப் பிடுங்கி மொட்டை போட்டார். வெளிச்சத்துக்கு அவை இன்னும் கூர்மையாக அசைந்துகொடுத்தன. பிறகு மண்டைத் தோலுக்கடியில் கறுப்பு மையை ஊசியால் ஏற்றினார், கதவு மூடிக்கொண்டது. பழமுதிர்சோலையில் மொட்டை போட்டுக்கொண்டு வரும் பக்தர்கள் தங்கள் தலைக்குள்ளும் வெளிச்சம் இறங்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மனுஷ மண்டையில் அந்த வசதி இல்லை. சந்தனம் பூசிக்கொண்டு வரலாம்.

மதுரைக்காரர்கள் நுழையும் இடம் இதுதான். பறவைக்குப் பகல் நீளம் எப்படித் தெரிகிறது? கையில் வாட்ச் இல்லை, பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாது. எர்வின் பியூனிங் என்ற ஜெர்மானியர் பீன்ஸ் செடி இலைகள் ராத்திரி மடங்கிப் பகலில் விரிவதைப் பார்த்துப் பார்த்தே, 1936-இல் ஒரு யோசனையைச் சொன்னார்: உயிர்களுக்கு உள்ளேயே ஒரு நாள் கடிகாரம் ஓடுகிறது, அந்தக் கடிகாரத்தின் குறிப்பிட்ட நேரத்தில் வெளிச்சம் விழுந்தால் 'பகல் நீண்டுவிட்டது' என்று உடம்பு எடுத்துக்கொள்கிறது. எத்தனை மணி நேரம் வெளிச்சம் என்று கூட்டிப் பார்ப்பதில்லை, வெளிச்சம் எப்போது விழுந்தது என்பதே கணக்கு. 1963-இல் வில்லியம் ஹாம்னர் பிஞ்ச் குருவிகளுக்கு வெறும் 6 மணி நேர வெளிச்சம் கொடுத்து, இருட்டின் நீளத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அதே 6 மணி நேரம்தான். கடிகாரத்தின் சரியான இடத்தில் விழுந்த குருவிக்கு வசந்தம், தப்பான இடத்தில் விழுந்ததற்குப் பட்டை நாமம்.

அந்த பியூனிங்கிடம் டியூபிங்கனில் ஆய்வு செய்தவர் எம். கே. சந்திரசேகரன். 1970-களின் நடுவில் அவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். நாகமலைப் பக்கத்துக் குன்றுகளில் குகைகள். ஒரு காலத்தில் அந்தப் பாறைகளில் சமணர்கள் படுக்கை வெட்டி உலகத்தை மறந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் வவ்வால்கள் வந்தன. வவ்வால்களைத் தேடிப் பிஎச்.டி. மாணவர்கள் வந்தார்கள். சமணர்கள் வந்தது மௌனத்துக்கு, மாணவர்கள் வந்தது டாக்டர் பட்டத்துக்கு. இரண்டு தவத்துக்கும் ஏறக்குறைய அதே வருஷங்கள் பிடிக்கும், எச்ச நாற்றம் மட்டும் கூடுதல்.

ஒரு சோதனையைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். குகையின் ஆழத்தில், பகலும் ராத்திரியும் எட்டாத இருட்டில், ஒரு கூண்டு. உள்ளே ஒரே ஒரு இலைமூக்கு வவ்வால். அது எப்போது அசைகிறது, எப்போது சும்மா தொங்குகிறது என்று ஒரு கருவி குறித்துக்கொண்டே இருக்கிறது. கூண்டைச் சுற்றி அதன் இனத்து வவ்வால்கள் சுதந்திரமாகத் தொங்குகின்றன. சாயங்காலம் அவை கூட்டமாகக் கிளம்பிப் போகின்றன, விடியும்முன் திரும்பி வருகின்றன. கூண்டில் இருப்பது வானத்தையே பார்க்கவில்லை. ஆனாலும் அதன் கடிகாரம் வெளியே போய்வருகிறவர்களின் நேரத்தோடு பிசகாமல் ஓடியது. கூட்டாளிகள் இல்லாத இடத்தில் அடைத்தால் அதன் நாள் தன்பாட்டுக்கு நழுவிப் போனது. மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் மூவரும் இதை 1981-இல் வெளியிட்டார்கள். 'டேய், கிளம்பிட்டோம்' என்ற சத்தமே கடிகாரத்துக்குச் சாவி. ஆனால் சாதி விசுவாசம் வவ்வாலுக்கும் உண்டு. இதே குகையில் வேறு இன வவ்வாலைக் கூண்டில் வைத்தபோது, இலைமூக்குக்காரர்கள் கிளம்பினாலும் வந்தாலும் அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தன் நேரப்படியே தூங்கியது.

1984-இல் ஜோஷியும் சந்திரசேகரனும் இதே வவ்வாலுக்கு அரை மில்லிசெகண்ட் ஃபிளாஷ் அடித்துப் பார்த்தார்கள். ஒரு செகண்டை இரண்டாயிரமாக உடைத்தால் அதில் ஒரு துண்டு. அந்தத் துண்டு வெளிச்சம் போதும், வவ்வாலின் கடிகாரம் நகர்ந்துவிட்டது. கல்யாண வீட்டு போட்டோகிராபர் மாப்பிள்ளை முகத்தில் எத்தனை ஃபிளாஷ் அடிக்கிறார், மாப்பிள்ளை மூன்று நாளைக்கு ஏன் பேயறைந்த மாதிரி இருக்கிறார் என்பதற்கு இதில் விளக்கம் இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் கடிகாரமும் ஜன்னலும் இல்லாத அறை ஒன்றையும் கட்டி, ஆட்களை வாரக்கணக்கில் உள்ளே வைத்துப் பார்த்தார்கள். சிலருடைய 'ஒரு நாள்' 24 மணி நேரத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. எந்த ஹாஸ்டலில் கேட்டிருந்தாலும் கட்டடச் செலவு இல்லாமல் இதைச் சொல்லியிருப்பார்கள்.

சரி, கடிகாரம் தெரிந்தது, கதவு தெரிந்தது. மண்டை ஓட்டைத் தாண்டி வந்த வெளிச்சம் ஹைப்போதலாமஸைத் தட்டுகிறது. அது பிட்யூட்டரிக்குச் சொல்கிறது. பிட்யூட்டரி விரைக்குச் சொல்கிறது. கடுகு மாதிரி கிடந்தது பல நூறு மடங்கு வீங்கி டெஸ்டோஸ்டிரோனைக் கொட்டுகிறது. அரசு அலுவலகக் கோப்பு இத்தனை மேஜை தாண்டி இவ்வளவு வேகமாக நகர்ந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த டெஸ்டோஸ்டிரோன் போய்ச் சேரும் இடம் எது? அந்தக் கடைசி மேஜையைக் கண்டுபிடித்தவர் அர்ஜென்டினாவில் பிறந்து நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்திருந்த பெர்னாண்டோ நாட்டெபோம்.

1976-இல் அவரும் கூட்டாளிகளும் கேனரி மூளையில் பாட்டுக்கென்று இருக்கும் பகுதிகளை வரைந்து காட்டினார்கள். தலைமை அலுவலகத்துக்கு எச்விசி என்று பெயர், அதன் உத்தரவை வாங்கித் தொண்டை நரம்புக்கு அனுப்பும் கிளைக்கு ஆர்ஏ. அதே வருஷம் இன்னொரு சங்கதியும் வெளிவந்தது: பாடும் ஆணிடம் இந்தப் பகுதிகள் பெரிசு, பெண்ணிடம் சிறிசு. 'பார்த்தீர்களா, ஆண் மூளை' என்று மீசை முறுக்கியவர்களுக்கு ஆயுசு நாலே வருஷம். 1980-இல் பெண் கேனரிக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏற்றிப் பார்த்தார் நாட்டெபோம். அதற்கும் எச்விசி வளர்ந்தது, அதுவும் பாடியது. 1981-இல் வந்தது பெரிய வெடி. வசந்தத்தில் அளந்த ஆண் கேனரிகளின் எச்விசி, இறகு உதிர்த்து முடிந்த இலையுதிர்காலத்தில் அளந்தவற்றைவிட 99 சதவீதம் பெரிது. ஆர்ஏ 76 சதவீதம் பெரிது. சித்திரைப் பொருட்காட்சி போடுவது போல, சீசன் வந்தால் மூளையில் மேடை எழும்புகிறது, சீசன் முடிந்தால் கம்பும் தகரமும் கழற்றி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள்.

ஏன் இந்தச் சிக்கனம்? மூளைத் திசு தீனிக்காரத் திசு. பறக்கும் பிராணிக்குத் தலையில் வெட்டிச் சுமை ஆகாது. வேலையில்லாத மாசத்துக்கும் சம்பளம் கொடுக்க அது என்ன மனுஷ நிர்வாகமா? கழற்றும் வேகமும் அப்படி. 2007-இல் பிரெனோவிட்ஸ் குழுவினர் வெள்ளைக் கொண்டைச் சிட்டுகளில் டெஸ்டோஸ்டிரோனை நிறுத்தி, பகலையும் சுருக்கினார்கள். 12 மணி நேரத்துக்குள் எச்விசி 22 சதவீதம் சுருங்கிவிட்டது. காலையில் வித்வான், ராத்திரியில் ரசிகர்.

வளர்ந்த மூளையும் இப்படி மாறும் என்பதை நம்ப மறுத்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. நரம்பியலின் தாத்தா ஸ்பெயின் நாட்டு ரமோன் இ காஹால், வளர்ந்த மூளையில் புது நரம்பு செல் முளைக்காது, சாவது மட்டுமே நடக்கும் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். அது சங்கப் பலகையில் ஏறிய தீர்ப்பு மாதிரி நின்றது. 1960-களில் ஜோசப் ஆல்ட்மன் என்பவர் எலி மூளையில் புது செல் முளைக்கிறது என்று காட்டியபோது, 'சரி தம்பி, ஓரமா உட்காருங்க' என்று விட்டுவிட்டார்கள். 1983-இல் கோல்ட்மன், நாட்டெபோம் இருவரும் வளர்ந்த கேனரியின் எச்விசியில் புது நரம்பு செல்கள் வந்து சேர்வதைக் காட்டினார்கள். 'அது குருவி, நாம் மனிதர்' என்று மறுபடி ஒரு கோஷ்டி. 1998-இல் மனித மூளையிலேயே, நினைவுக்கான ஹிப்போகாம்பஸில், புது செல்கள் இருப்பதாக அறிக்கை வந்தது; சண்டை இன்னும் ஓயவில்லை. நக்கீரர்கள் கட்சி மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

நம் நாட்டில் இந்தக் கதைக்கு நாயகன் தூக்கணாங்குருவி. காசியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்து தப்லியால் அதன் பருவச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். லக்னோவிலும் டில்லியிலும் வினோத் குமார் குழுவினர் மூளை வரைக்கும் போனார்கள். ஆண் தூக்கணாங்குருவியின் பாட்டு மையங்களும் பருவத்துக்குப் பருவம் மாறுவதை 2016-இல் வெளியிட்டார்கள். மேலூர்ப் பக்கம் கிணற்றுக்கு மேல் சாய்ந்த பனையில் தொங்கும் கூடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆண் பாதிக் கூடு கட்டிவிட்டுச் சிறகை அடித்துக் கூச்சல் போடும். பெண் வந்து, இழுத்துப் பார்த்து, பிடித்தால் குடியேறும். குடியேறியதும் ஆண் பக்கத்து ஓலையில் அடுத்த கூட்டுக்கு அஸ்திவாரம் போடும். 1930-இல் வேலையில்லாமல் கிஹிம் கடற்கரை வீட்டில் உட்கார்ந்திருந்த சாலிம் அலி இதைக் கவனித்து எழுதித்தான் அந்த ஆளின் பல குடித்தனம் வெளியே வந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் வெளிச்சமும் எச்விசியும் என்று சொன்னால் எந்தப் பஞ்சாயத்தும் ஒத்துக்கொள்ளாது.

ஆனால் ஒரு நியாயமான கேள்வி பாக்கி. எட்மண்டனில் டிசம்பர்ப் பகல் ஏழரை மணி நேரம், ஜூன் பகல் 17 மணி நேரம்; குருடனுக்கும் வித்தியாசம் தெரியும். மதுரையில்? டிசம்பரில் சுமார் பதினொன்றரை, ஜூனில் சுமார் பன்னிரண்டே முக்கால். வருஷம் பூராவும் சேர்த்து எழுபது நிமிஷம் போல வித்தியாசம். நம் ஊரில் 'இப்ப வந்துர்றேன் மாப்ள' என்று கிளம்பியவர் வந்து சேர அதைவிட அதிகமாகும். இந்த அற்ப மாற்றத்தை ஒரு பறவை எப்படி உணரும்? உணராது, வெப்பமண்டலப் பறவைக்கு மழையும் தீனியும்தான் கணக்கு என்று புத்தகங்களில் ரொம்ப நாள் எழுதியிருந்தது.

1998-இல் மிகேலா ஹாவ், மார்ட்டின் விகெல்ஸ்கி, ஜான் விங்ஃபீல்ட் மூவரும் பனாமாவில் புள்ளி எறும்புப்பறவை என்ற காட்டுப் பறவையை எடுத்துக்கொண்டார்கள். பனாமா ஏறக்குறைய 9 டிகிரி வடக்கு. மதுரையும் கிட்டத்தட்ட 10 டிகிரி. பகல் கணக்கில் இரண்டு ஊரும் சம்பந்திகள். பகலை 12 மணியிலிருந்து 13 ஆக்கினார்கள். விரை வளர்ந்தது, பாட்டும் கூடியது. பிறகு கஞ்சத்தனமாக 17 நிமிஷம் மட்டும் கூட்டினார்கள். அதற்கும் விரை வளர்ந்தது. பதினேழு நிமிஷம்! பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து தெப்பக்குளம் போக அது போதாது. இரண்டு வருஷம் கழித்து அதே பறவைகளுக்கு முன்னால் உயிருள்ள வெட்டுக்கிளி இனப் பூச்சிகளைக் காட்டினார்கள்; பாட்டு இன்னும் ஏறியது. ஆக வெளிச்சம் மேடை போடும், சாப்பாடு கண்ணில் பட்டால் கச்சேரி களைகட்டும். முனியாண்டி விலாஸ் போர்டைப் பார்த்ததும் பாட்டு வரும் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பதினேழு நிமிஷத்துக்கே இப்படி என்றால், ராத்திரியே இல்லாத ஊரில் என்ன கதி? ஜெர்மனியில் டேவிடே டொமினோனியும் சகாக்களும் கரும்பாடிப் பறவைகளுக்கு இரவு முழுக்க 0.3 லக்ஸ் வெளிச்சம் கொடுத்தார்கள். தெருவிளக்கின் நேர் கீழே இருப்பதைவிட அது எவ்வளவோ மங்கல். 2013-இல் வந்த முடிவு: இருட்டில் தூங்கிய பறவைகளைவிட இவற்றுக்கு ஏறத்தாழ ஒரு மாசம் முன்னதாகவே விரை வளர்ந்தது, காலைப் பாட்டும் சீக்கிரம் தொடங்கியது. ஆகா, உற்பத்தி பெருகிவிட்டது என்று கைதட்டுமுன் சோதனையை இரண்டாம் ஆண்டுக்கும் நீட்டினார்கள். இரண்டாம் ஆண்டு விரை வளரவே இல்லை, டெஸ்டோஸ்டிரோன் கீழே கிடந்தது, இறகு உதிர்ப்பதும் ஒழுங்கு தவறியது. காளவாசல் பக்கம் எல்இடி விளக்குக் கம்பத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து, புரோட்டாக் கல் சத்தத்தையும் மீறிப் பாடுகிற குண்டுக்கரிச்சான் இப்போதைக்கு முதலாம் ஆண்டில் இருக்கிறது போல.